மொட்டைக்கு மரியாதை, வழுக்கைக்குச் சிரிப்பு

(கண்டியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய தலைப்பை அறிவித்ததும் மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு சிரிப்பலை எழுந்தது. நல்லது. நான் பேச வந்ததே அந்தச் சிரிப்பைப் பற்றித்தான். ஆண்களின் தலைமுடி ஏன் உதிர்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். நானும் கொஞ்சம் சொல்வேன். ஆனால் முடி உதிர்ந்தவர் சிலர் அதை மறைக்கிறார்கள், சிலர் மறைக்காமல் நடமாடுகிறார்கள். எது சரி என்று கேட்டு முடிப்பது சுலபம். ஏன் மறைக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டால் விவகாரம் அவர்களை விட்டு நம் பக்கம் திரும்பிவிடும்.

இந்தப் பேச்சுக்குக் கண்டியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இலங்கையில் மழித்த தலைக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் நகரம் வேறு எது? தலதா மாளிகைக்கு எதிரே வாவியின் கரையில் மல்வத்தை விகாரை. நகரின் மறுபுறத்தில் அஸ்கிரிய விகாரை. சியம் நிக்காய என்னும் பௌத்தத் துறவியர் பிரிவின் இரண்டு தலைமைப் பீடங்களும் இங்கேதான். 1753ஆம் ஆண்டு சியாம் நாட்டிலிருந்து வந்த உபாலி தேரர் இங்கே உபசம்பதா என்னும் உயர் துறவறத்தை மீண்டும் தொடக்கி வைத்தார். அதற்காக அயராமல் பாடுபட்டவர் வெலிவிட்ட சரணங்கர தேரர். அப்போது அரியணையில் இருந்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரை வழிவந்த நாயக்கர் மரபினர். இந்த ஊரின் மழித்த தலைகளுக்கும் நம்முடைய சரித்திரத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டு.

துறவு பூணும் சிறுவனின் தலையை மழிக்கும்போது அவனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். உடம்பின் ஐந்து பாகங்களை அவன் மனத்தில் வரிசையாக நினைக்க வேண்டும்: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். ஒருவரைப் பார்த்தவுடன் நம் கண்ணுக்குத் தெரிவது இந்த ஐந்தும்தான். அழகன் என்பதும் அழகில்லாதவன் என்பதும் இந்த ஐந்தை வைத்துத்தான். அவை நிலைக்காதவை என்பதுதான் அவன் பெறும் முதல் பாடம். அந்த வரிசையில் தலைமயிருக்குத்தான் முதலிடம். மனிதன் தன் அழகை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான் என்பதை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

பௌத்தர்கள் மட்டுமா? நம் வீடுகளைப் பாருங்கள். பிள்ளைக்கு முதல் முடி எடுப்பது ஒரு விழா. நேர்த்திக்கடன் வைத்து மாத்தளை முத்துமாரியம்மனுக்கும் கதிர்காமத்து முருகனுக்கும் முடி இறக்குகிறோம். தகப்பன் இறந்தால் மூத்த மகன் மொட்டை போட்டுக் கொள்ளி வைக்கிறான். அவனைக் கண்டால் தெருவே ஒதுங்கி வழிவிடுகிறது. நமது முஸ்லிம் சகோதரர்கள் ஹஜ் கடமையை முடித்துத் தலை மழித்து வந்தால் ஊரே திரண்டு வரவேற்கிறது. மூன்று சமயத்தாருக்கும் மழித்த தலை ஒரு மரியாதை. யாரும் அதைக் கண்டு சிரிப்பதில்லை.

அதே தெருவில் இன்னொரு தலை வருகிறது. கத்தி படாமல் தானாகவே முடி போன தலை. உடனே சிரிப்பு. சிங்களத்தில் "தட்டயா" என்பார்கள், தமிழில் "சொட்டை" என்பார்கள். பாடசாலையில் வாத்தியாருக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிவிட்டால் அவர் ஓய்வூதியம் பெற்ற பிறகும் போகாது. "கண்ணாடி எதற்கு, மாமாவின் தலை இருக்கிறதே" என்று கல்யாண வீட்டில் ஒருவர் சொல்ல, மாமாவும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று இன்னொரு குறை சேரும்.

இரண்டு தலைகளுக்கும் பார்வையில் என்ன வேறுபாடு? ஒன்றுமில்லை. இரண்டிலும் முடி இல்லை. ஒன்றில் மனிதன் முடியைக் கொடுத்தான்; மற்றதில் முடி அவனைக் கேளாமல் போய்விட்டது. கொடுத்தவனுக்கு மரியாதை, இழந்தவனுக்குச் சிரிப்பு. நம் சமூகம் முடியை வைத்து ஆளை எடைபோடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பார்ப்பது அதிகாரத்தை. தன் உடம்பு தன் சொல்லைக் கேட்கிறதா இல்லையா என்பதைப் பார்க்கிறது. கேட்கவில்லை என்று தெரிந்தால் சிரிக்கிறது. வயது, நோய், மரணம் எதுவும் நம் சொல் கேட்பதில்லை என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தை அடுத்தவர் தலையில் கண்டு சிரித்து ஆற்றிக்கொள்கிறோம்.

இந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்க ஒருவர் என்ன செய்வார்? மறைப்பார். ஒரு காதுக்கு மேலே மீந்திருக்கும் முடியை நீளமாக வளர்த்து, மண்டைக்கு மேலாக இழுத்து, எண்ணெய் வைத்து மறுபக்கத்தில் படிய வைப்பார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் யன்னல் ஓரம் உட்கார மாட்டார், காற்று வரும். சிலர் டோப்பா வைப்பார்கள். பெரும்பாலோர் தொப்பி போடுவார்கள். ஆனால் இந்த ஊரில் தொப்பிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தலதா மாளிகைக்குள் போவதென்றால் செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்குப் போனாலும் தலைப்பாகையோ தொப்பியோ ஆகாது. தேவாலயத்திலும் ஆண்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிவாசலில்தான் தொப்பி உள்ளவரும் இல்லாதவரும் வேறுபாடில்லாமல் நிற்க முடியும். மற்ற எல்லா இடங்களிலும், தொப்பியை நம்பியவர் கடவுளுக்கு முன்னால் போய்த்தான் அம்பலப்படுகிறார்.

மறைப்பைப் பற்றிப் பேசும்போது இந்த மாவட்டத்தில் பிறந்த ஒருவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1917 ஜனவரி 17ஆம் திகதி நாவலப்பிட்டியில் பிறந்த ஒரு குழந்தை, தகப்பனை இழந்து தாயோடு இந்தியாவுக்குப் போய், நாடகக் கம்பனியில் வளர்ந்து, சினிமாவில் மன்னனாகி, 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரும் ஆனார். எம்.ஜி.ஆர். என்ற மூன்று எழுத்தைச் சொன்னவுடன் உங்கள் மனக்கண்ணில் என்ன வருகிறது? வெள்ளை உரோமத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அந்தத் தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் அவர் எதை மறைத்தார்?

சற்று யோசித்துப் பார்த்தால் அந்தத் தொப்பி ஓர் உடன்படிக்கை என்று தெரியும். அறுபது வயதிலும் கதாநாயகனாக நடித்தவர் அவர். கடைசிப் படம் "மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்" 1978இல் வந்தது. திரையில் சுருள் முடி, திரைக்கு வெளியே தொப்பி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தலையை ரசிகன் பார்க்கக் கேட்கவும் இல்லை. அவர் காட்டவும் இல்லை. ரசிகனுடைய இளமையும் அந்தத் தொப்பிக்குள் பத்திரமாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த இரகசியத்தில் பயம் இல்லை. அதனால்தான் அந்தத் தொப்பி அவருக்குப் பலவீனமாகத் தெரியாமல் கிரீடமாகிவிட்டது. 1987 டிசம்பர் 24ஆம் திகதி அவர் மறைந்தார். இன்று ஊருக்கு ஊர் நிற்கும் சிலைகளிலும் அந்தத் தொப்பியும் கண்ணாடியும் உண்டு. அவருக்கு முன்னே ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர், தன் வழுக்கையை மறைக்கும் வசதிக்காக வெற்றி மாலையை எந்நேரமும் தலையில் வைத்திருக்க விரும்பினார் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவேத்தோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். நாவலப்பிட்டிக்காரர் நல்ல கூட்டத்தோடுதான் சேர்ந்திருக்கிறார்.

எம்.ஜி.ஆருக்கு அடுத்த தலைமுறையில் காட்சி மாறுகிறது. ரஜினிகாந்த் திரையில் எவ்வளவு முடியோடும் வருவார். படப்பிடிப்பு முடிந்து பொதுமேடைக்கு வந்தால் வழுக்கைத் தலை, நரைத்த தாடி, அவ்வளவுதான். அதனால் அவருடைய ரசிகர் கூட்டம் ஒருவர்கூடக் குறையவில்லை. "துக்ளக்" இதழாசிரியர் சோ தன் வழுக்கையை அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். கேலிச்சித்திரக்காரர்களுக்கு அவர் தலை ஒரு வரம். சத்யராஜ் "பாகுபலி"யில் கட்டப்பாவாக வந்தபோது மழித்த தலையோடு வந்தார். அந்தப் பாத்திரத்தின் கம்பீரத்தில் பாதி அந்தத் தலையில்தான். ஆக, எம்.ஜி.ஆர். மறைத்ததால் தோற்கவில்லை, ரஜினி மறைக்காததாலும் தோற்கவில்லை. இரண்டு பேரும் அடுத்தவர் சிரிப்பார்களே என்று பதுங்கவில்லை. நான் கவனிக்கச் சொல்வது அதைத்தான்.

இன்னொரு புகழ்பெற்ற தலையும் இந்த ஊருக்கு வந்து போயிருக்கிறது. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்தபோது கண்டிக்கும் வந்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1921 செப்டம்பரில், மதுரையில் மேலாடையையும் தொப்பியையும் துறந்து அரைத் துணிக்கு மாறியிருந்தார். அதில் ஒரு வேடிக்கை பாருங்கள். காந்தித் தொப்பி என்று பெயர் பெற்ற தொப்பியை இந்தியாவில் இலட்சக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள். காந்தி மட்டும் வெறுந்தலையோடு நடந்தார். உலகம் முழுவதும் அவரைக் கோட்டோவியமாக வரைபவர்கள் ஒரு வட்டம், ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு தடியோடு முடித்துவிடுகிறார்கள்.

இனி முடிக்கு வருவோம். மனிதத் தலையில் ஏறக்குறைய ஓர் இலட்சம் முடி இருக்கும். ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, உதிர்ந்து, அதே குழியிலிருந்து மறுபடி முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீப்பில் இரண்டு முடியைக் கண்டு தூக்கம் இழக்க வேண்டியதில்லை. ஆண்களின் பரம்பரை வழுக்கையில் நடப்பது வேறு. உச்சியிலும் முன்நெற்றியிலும் உள்ள முடிக்குழிகள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துப்போகின்றன. முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனை உரோமமாகிவிடுகிறது. பின்னந்தலைக் குழிகளுக்கு இந்த வம்பு இல்லை. எத்தனை வழுக்கையானாலும் காதுக்கு மேலே ஒரு வளையம் மீந்து நிற்பது அதனால்தான்.

இதற்குக் காரணம் ஆண்மைச் சுரப்பு என்று கண்டறிந்த கதை சுவையானது. விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று அரிஸ்டாட்டில் அப்போதே கவனித்தார். 1942இல் ஜேம்ஸ் ஹமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை ஆராய்ந்து காட்டினார். விதை நீக்கப்பட்ட அல்லது பருவமடையாத 104 ஆண்களை அவர் பார்த்தார். பரம்பரையில் வழுக்கை உள்ள சிலருக்கு டெஸ்டோஸ்டெரோன் கொடுத்தபோது முடி உதிரத் தொடங்கியது. கொடுப்பதை நிறுத்தியதும் உதிர்வும் நின்றது. ஆக இரண்டு சாவிகள் வேண்டும்: பரம்பரை ஒன்று, சுரப்பு ஒன்று. டெஸ்டோஸ்டெரோன் உடம்பில் மாறி உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் என்ற பொருள்தான் குழிகளைச் சிறுக்க வைக்கிறது. அந்தச் சுரப்புக்கு வாசல் திறக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில், அதாவது தாய் வழியில் வருகிறது. "தாய்மாமனைப் பார், தாத்தாவைப் பார்" என்று பாட்டிகள் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. தகப்பன் வழி மரபணுக்களும் கலந்துதான் வேலை செய்கின்றன. தாத்தாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான ஆண்களுக்கு வழுக்கை நோயல்ல, பரம்பரை எழுதிவைத்த காலக்கணக்கு. தலைக்கவசம் போட்டதால் முடி கொட்டியது, குழாய்த் தண்ணீரில் குளித்ததால் கொட்டியது, இரவுக் கண்விழிப்பால் கொட்டியது என்று கண்டியில் கேட்காத காரணம் இல்லை. தலைக்கவசம் முடியைக் கொட்டச் செய்வதில்லை. அது இல்லாவிட்டால் மண்டைதான் உடையும். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்தால் முடி மினுமினுக்கும், தலை குளிரும், தேய்ப்பவர் மனைவியாக இருந்தால் மனமும் குளிரும். ஆனால் சிறுத்துப்போன குழியைப் பெரிதாக்க எந்த எண்ணெயாலும் முடியாது.

எல்லா உதிர்வும் பரம்பரை உதிர்வல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டெங்கு, கொவிட் போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானாக முளைத்துவிடும். புழுவெட்டு என்று நாம் சொல்லும் வட்ட வட்டமான உதிர்வு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடிக்குழியையே தாக்குவதால் வருகிறது. புழு எதுவும் இல்லை. தைரொய்ட் கோளாறு, இரத்தசோகை இவற்றாலும் கொட்டும். திடீரென்று கொட்டினால், திட்டுத் திட்டாகக் கொட்டினால், தலைத் தோல் சிவந்து அரித்தால், எண்ணெய்க் கடைக்குப் போகாதீர்கள். தோல் வைத்திய நிபுணரிடம் போங்கள்.

பரம்பரை வழுக்கைக்கு மருந்தே கிடையாதா? இருக்கிறது, அதிசயம்தான் கிடையாது. மினொக்ஸிடில் என்ற மருந்து முதலில் இரத்த அழுத்தத்துக்காக வந்தது. அதை உண்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைக் கண்டு, தலையில் பூசும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. ஃபினஸ்டரைட் என்ற மாத்திரை டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் உண்டாவதைத் தடுக்கிறது. முடிக்காக 1997இல் அனுமதி பெற்றது. இரண்டும் பலருக்கு உதிர்வை நிறுத்துகின்றன, சிலருக்குக் கொஞ்சம் முளைக்கவும் வைக்கின்றன. ஆனால் பயன் தெரியப் பல மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பெற்றதும் போய்விடும். ஃபினஸ்டரைட் சிலருக்குத் தாம்பத்திய விருப்பத்தைக் குறைக்கும்; மனச்சோர்வும் சொல்லப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. அதை உட்கொள்பவர் இரத்ததானம் செய்யக்கூடாது. நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். புரஸ்டேட் சோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையின் அளவை அது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். பார்மசியில் நண்பன் சொன்ன பெயரைச் சொல்லி வாங்கும் மாத்திரை அல்ல இது.

முடி நடும் சிகிச்சையைப் பற்றி இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள். 1950களில் நியூயோர்க்கில் நோர்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் வைத்தியர் கண்ட உண்மைதான் அதன் அடிப்படை. பின்னந்தலை முடியை எடுத்து முன்னந்தலையில் வைத்தால் அது பின்னந்தலைக் குணத்தோடுதான் வளரும், உதிராது. நல்ல விஷயம். ஆனால் புதிதாக ஒரு முடியும் பிறப்பதில்லை. இருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். தோட்டத்தில் செடி செத்த இடத்துக்கு நாற்றுமேடையிலிருந்து எத்தனை கன்றும் கொண்டுவரலாம். தலையில் பின்பக்கம்தான் நாற்றுமேடை. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் 22 வயதில் முன்நெற்றியை நிரப்பிவிட்டு, 40 வயதில் நடுவே தீவு போல அந்த முடி மட்டும் நிற்பதையும் பார்க்கலாம். செய்பவர் வைத்தியராக இருக்க வேண்டும், வழுக்கை இனி எங்கே போகும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்பவராக இருக்க வேண்டும். தவணையில் கடன் வாங்கி அந்நிய நாட்டுக்குப் பறக்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டோப்பாவின் கதை இன்னும் விசித்திரம். உலகத்தில் உயர்ந்த விலைக்குப் போகும் டோப்பாக்களில் பல நம்மவர் தலைமுடியில் செய்தவை. திருப்பதியிலும் பழனியிலும் நேர்த்திக்கடனாக இறக்கும் முடியைக் கோயில்கள் ஏலம் விடுகின்றன. வாங்குபவர்கள் தரம் பிரித்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். 2004இல் யூத மார்க்கத்தின் கடும் ஆசாரக்காரர்கள், தம் பெண்கள் அணியும் டோப்பாவில் இந்துக் கோயிலில் காணிக்கையான முடி இருக்கிறது என்று அறிந்து, நியூயோர்க்கிலும் இஸ்ரேலிலும் அவற்றைக் குவித்துக் கொளுத்திய செய்தி உலகெங்கும் வந்தது. ஒருவர் கடவுளுக்குக் கொடுத்த முடியை இன்னொருவர் மறைப்பதற்கு விலை கொடுத்து வாங்குகிறார். கொடுத்தவருக்குப் பெருமை, வாங்கியவருக்குக் கூச்சம். முடி அதே முடிதான்.

இப்போது நம் அஸ்கிரிய மைதானத்துக்கு வாருங்கள். 2007 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டி. டிசம்பர் 3ஆம் திகதி இந்த ஊர்ப் பிள்ளை, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவர் முத்தையா முரளிதரன், போல் கொலிங்வூட்டைப் போல்ட் ஆக்கி 709ஆவது விக்கெட்டை எடுத்து உலக சாதனையைத் தன் வசமாக்கினார். அதே போட்டியில் இன்னொருவர் 78 ஓட்டங்கள் எடுத்தார். ஜேம்ஸ் அண்டர்சனின் ஒரே ஓவரில் ஆறு பந்துக்கும் ஆறு பவுண்டரி. அந்தப் போட்டியோடு டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு விடைகொடுத்தார். சனத் ஜயசூரிய. 38 வயது. மாத்தறையிலிருந்து வந்து, 1996 உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகனாகி, அதற்குள்ளேயே முடி உதிர்ந்த தலையோடு நாட்டையே ஆட வைத்தவர். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மட்டையை உயர்த்தியபோது மைதானத்தில் யாராவது "தட்டயா" என்று சிரித்திருப்பார்களா? சிரித்திருந்தால் பக்கத்தில் இருந்தவர் சும்மா விட்டிருக்க மாட்டார். ஒருவரைப் பற்றிச் சொல்ல நமக்கு வேறு பெரிய விஷயம் கிடைத்துவிட்டால் தலை கண்ணில் படுவதே இல்லை. கேலி செய்பவர் தன்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் அறிவிக்கிறார்.

முழுதாக மழித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்கலாம். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் வார்ட்டன் வணிகப் பள்ளியைச் சேர்ந்த அல்பர்ட் மன்னஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே ஆட்களின் புகைப்படங்களை முடியோடும், கணினியில் முடியை நீக்கியும் காட்டினார். முடி நீக்கிய படத்தில் இருந்தவர்களைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரமாகவும் 13 வீதம் பலசாலிகளாகவும் மதிப்பிட்டார்கள். மழித்த தலை அதிகாரம் உடையதாகத் தெரிந்தது. அழகில் மட்டும் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தது. எல்லாவற்றிலும் குறைந்த மதிப்பெண் யாருக்குத் தெரியுமா? பாதி உதிர்ந்து மீதியை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு. கண்டியில் நாம் மொட்டைக்கும் வழுக்கைக்கும் வைத்த வேறுபாட்டை பிலடெல்பியாவிலும் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கொடுத்தவனுக்கு மரியாதை, இழந்தவனுக்கு இளக்காரம்.

இதிலிருந்து, "எல்லோரும் சலூனுக்குப் போய் மெஷின் போட்டு வழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலருக்கு அது நல்ல வழிதான். உதிர்ந்ததைத் தானே கொடுத்ததாக மாற்றிக்கொள்வதில் ஒரு விடுதலை இருக்கிறது. கண்ணாடி முன் தினமும் நடக்கும் சண்டை ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் அதையும் ஒரு கட்டளையாக்கிவிடாதீர்கள். முன்பு "மறை" என்று பயமுறுத்தினோம். இப்போது "துணிவிருந்தால் காட்டு" என்று பயமுறுத்துவதா? தொப்பி போட விரும்புபவர் போடட்டும். மருந்து பூச விரும்புபவர் வைத்தியரிடம் கேட்டுப் பூசட்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி இழந்த ஒரு சகோதரி டோப்பா வைத்தால் அது அவளுக்குக் கவசம். அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நாம் யார்? பெண்களுக்கு முடி உதிரும்போது சிரிப்புகூட வருவதில்லை. முகம் திருப்புகிறார்கள், அது இன்னும் கொடியது.

மறைப்பதில் இரண்டு வகைதான் கெடுதல். ஒன்று, கடனிலும் போலி மருந்திலும் கொண்டுபோய் விடும் மறைப்பு. "மூன்று வாரத்தில் முடி" என்று விளம்பரம் பார்த்தால் அது உங்கள் தலையைப் பார்க்கவில்லை, சட்டைப்பையைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மற்றது, கல்யாணத்தில் மறைப்பது. தொப்பி போட்ட படம் ஒன்றை மட்டும் அனுப்பிப் பெண் பார்க்கப் போனால், அந்தப் பெண் பின்னால் வருத்தப்படுவது முடி இல்லாததற்காக இருக்காது, சொல்லாததற்காக இருக்கும். 2017இல் ராஜ் பி. ஷெட்டி எடுத்து நடித்த "ஒந்து மொட்டெய கதெ" என்ற கன்னடப் படத்தில் மங்களூரு விரிவுரையாளர் ஒருவர் வழுக்கையோடு பெண் தேடி அலைவார். அது அவருடைய கதை மட்டுமல்ல. அவரை மறுக்கும் ஒவ்வொருவரும் தம் கண்ணாடியில் எதைப் பார்க்க மறுக்கிறார்கள் என்ற கதையும் கூட.

வழுக்கைத் தலையர்களுக்கு ஒரு நடைமுறை ஆலோசனை. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். மலைக் குளிரில் வெயிலின் கடுமை தெரியாது. ஆனால் மண்டைத் தோல் எரியும், நாளடைவில் சொரசொரத்துப் புள்ளி விழும். ஆறாத புண் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். நண்பகலில் தொப்பி போடுங்கள். வெயிலுக்காகப் போடும் தொப்பியை உள்ளே வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். வெட்கத்துக்காகப் போடுவதைத்தான் கழற்ற முடியாது.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள். ஆசிரியர்களே, வகுப்பில் பட்டப்பெயர் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பையனின் தகப்பனுக்கும் அதே தலை வரும், அவனுக்கும் வரும். சலூன் தம்பிமாரே, "அண்ணா, மேலே ரொம்பப் போயிருச்சே" என்று கண்ணாடியைப் பின்பக்கம் பிடித்துக் காட்டாதீர்கள், அவருக்குத் தெரியும். வெட்டச் சொன்னதை வெட்டுங்கள், அவர் கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள். தாய்மாரே, பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளையின் தலையைப் பார்க்கும் முன் அவன் தன் தாயிடம் எப்படிப் பேசுகிறான் என்று பாருங்கள், அது உதிராது. இளைஞர்களே, உங்களுக்கு முடி போகத் தொடங்கினால் முதல் காரியமாக வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். பிறகு மழிப்பதா, மருந்தா, தொப்பியா என்று ஆறுதலாக யோசித்து முடிவெடுக்கலாம்.

மழித்த தலைக்கு முன்னால் கைகூப்பத் தெரிந்த ஊர் இது. அந்த மரியாதையில் கொஞ்சத்தை வழுக்கைத் தலைக்கும் ஒதுக்கினால் தொப்பிக் கடைக்காரருக்குச் சற்று நட்டம் வரலாம். வேறு யாருக்கும் நட்டமில்லை. இனி கேள்வி கேட்கலாம். ஆனால் என் தலையைப் பற்றி வேண்டாம், அதைப் பற்றி என் பேரப்பிள்ளைகள் ஏற்கெனவே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார்கள்.